திரும்பி வந்தவருக்கே உரிய சின்னம்

இலோய்லோ நகரில் எங்கள் செவிலியர் கல்லூரிக்கு முகமாகவும் முதுகெலும்பாகவும் நின்று, முப்பதாண்டுப் பணியை முத்தாய் முடித்து இன்று விடைபெறும் முதல்வர் சோலெடாட் பால்மாரெஸ் அம்மையார் அவர்களுக்கு, அவர்தம் நிழலில் நின்று நிமிர்ந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் அன்போடு படைக்கும் மடல்.

கண்டிப்புக்குள் கனிவை ஒளித்து வைத்த பெருமாட்டியே!

வெண்சீருடையில் ஒரு சுருக்கம் கண்டாலும் வீட்டுக்கு விரட்டுவீர்கள். விரட்டிய பிள்ளை சாப்பிட்டதா என்று வார்டு வாசலில் நின்று விசாரிப்பவரும் நீங்கள்தாம். உங்கள் பெருமைகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினால், "போதும், பசங்களுக்குப் பசிக்குது, நூடுல்ஸ் ஆறிப்போகுது" என்று பாதியிலேயே எழுந்துவிடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

சின்னம் சூட்டும் நாளுக்குப் பொருள் தந்தவரே!

படிப்பு முடிந்த மாணவியின் மார்பில், பெற்றவரோ உற்றவரோ கல்லூரிச் சின்னம் பொறித்த பின்னைக் குத்தும் விழாவை நாங்களும் ஆண்டுதோறும் நடத்தித்தான் வந்தோம். விளக்கேற்றினோம், உறுதிமொழி சொன்னோம், படம் எடுத்துக்கொண்டு கலைந்தோம். ஜெரிலின் சோப்ரெவேகாவின் ஆண்டில்தான் அதன் உட்பொருள் எங்களுக்கு விளங்கிற்று.

எஸ்தான்சியா கடற்கரையின் மீனவர் ரோமுலோவின் மகள் அவள். விழாவுக்கு முந்தைய வாரம், அவள் கவனித்து வந்த முதியவர் ஒருவர் அவள் கையைப் பற்றியபடியே உயிர் நீத்தார். அவள் கண்ட முதல் மரணம் அது. கையை விடுவித்துக்கொண்டு வார்டைவிட்டு ஓடினாள். யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவளால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை.

விழாவன்று அவள் பெயரை அழைத்தோம். இரவல் வாங்கிய விழாச் சட்டையில், கையில் பின்னோடு, ரோமுலோ மேடையில் காத்து நின்றார். மகள் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. மறுபடியும் அழைத்தோம், அரங்கம் சலசலத்தது. நீங்கள் மேடையிலிருந்து இறங்கிச் சென்று அவள் பக்கத்தில் அமர்ந்தீர்கள். சட்டையில் மாட்டிய மைக்கை அணைக்க மறந்தீர்கள். அந்த மறதி வாழ்க!

"என்ன இண்டாய், கால் மரத்துப்போச்சா பொண்ணே?"

"எனக்கு அந்தப் பின்னு வேணாம் மேடம். அவரு சாகும்போது நான் ஓடிட்டேன்."

"சரி, ஓடினே. அப்புறம்?"

"மாடிப்படியில உக்காந்து அழுதேன்."

"அப்புறம்?"

"திரும்பிப் போனேன். அவரு சம்சாரம் தனியா இருந்தாங்க. ரெண்டு பேருமா அவருக்கு உடம்பு துடைச்சு விட்டோம். தலை வாரி விட்டோம்."

"போன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல மேடம்."

"நானும் ஓடியிருக்கேன்டி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, டிக்கெட்டு கூட எடுத்துட்டேன். ஓடணும்னு தோணாத நர்ஸை நான் பார்த்ததே இல்ல. திரும்பி வந்தவங்களுக்குத்தான் இந்தப் பின்னு."

அதற்குள் மேடையிலிருந்து ரோமுலோ குரல் கொடுத்தார்: "மேடம், சுறா மீனைப் பிடிச்ச கை, இந்தக் குட்டி ஊசிக்கு நடுங்குது! சீக்கிரம் அனுப்புங்க, இல்லேன்னா என் மேலயே குத்திக்குவேன்!"

அரங்கம் சிரித்தது. ஜெரிலினும் சிரித்தாள்; கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தந்தை குத்திய சின்னம் சற்றே சாய்ந்திருந்தது. நேராக்கக் கை நீட்டிய எங்களை நீங்கள் தடுத்தீர்கள். "விடுங்க. அவங்க அப்பா குத்தினது."

அஞ்சும் நெஞ்சின் மீதுதான் அந்தச் சின்னம் சூட்டப்படுகிறது என்பதையும், அணிந்தவள் அந்த அச்சத்தோடே அடுத்த நோயாளியின் அறைக்கதவைத் திறப்பாள் என்ற நம்பிக்கையில்தான் சூட்டப்படுகிறது என்பதையும் அன்று அறிந்தோம். ஜெரிலின் இன்று இறுதிநிலை நோயாளர் பிரிவொன்றின் தலைமைச் செவிலியர். புதிதாக வரும் நர்ஸ் யாராவது அழுதுகொண்டு ஓடினால், அவர் யாரையும் துரத்த விடுவதில்லையாம். "படிக்கட்டுல ஒரு டம்ளர் தண்ணி வச்சுட்டு வந்துடுங்க. புள்ள தானா திரும்பி வரும்" என்பாராம்.

ஓய்வு என்ற சொல்லோடு ஒட்டாத உழைப்பே!

குயிமாராஸ் தீவுக்குப் படகேறப் போகிறீர்கள். அங்கே உங்கள் மாமரங்களின் அடியில் காலை நீட்டி உட்காருங்கள். முழங்கால் வலி மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள். ஊருக்கெல்லாம் சொன்னதை நீங்களும் ஒருமுறை கேளுங்கள். நோயின்றி, நொடியின்றி, பல்லாண்டு நலமாக வாழுங்கள். நாளையும் விடியுமுன் விழிப்பு வரும். எழ வேண்டாம் அம்மா. புரண்டு படுத்துத் தூங்குங்கள். வார்டில் நாங்கள் இருக்கிறோம்.

என்றும் உங்கள் அன்பில்,
கல்லூரி ஆசிரியர்களும் அலுவலர்களும்
இலோய்லோ