மெஷின் எழுதுன தாலாட்டு

இல்லமா தினேஸ்வரி, மெஷின் மேல எனக்கு கோவமே இல்ல. ஏன் கோவம்? அது வந்ததுலேந்து எனக்கு ரெஸ்ட்டு லா. தேத்தண்ணி ஆறுது, குடிங்க. எங்க வீட்டுக்காரரு பாஸ்கல் உங்களுக்குன்னு சூடா கரிப்பாப் வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. கோலாலம்பூர்லேந்து இந்தச் செமோர் ஊருக்கு, அவர வீடியோ எடுக்க ஆள் வருதுன்னதும் காலையிலேயே முடிக்குச் சாயம் போட்டுட்டாரு.

நானா? நான் சும்மா பொண்டாட்டி. ஆமா, எழுதுவேன்... எழுதினேன். சர்ச் பாட்டுக் குழுவுக்கு வார்த்தை நான், மெட்டு அவரு. கல்யாணம் ஆனதுலேந்து அப்படித்தான். ஜெலாப்பாங்ல கிளவ் ஃபேக்டரி வேல முடிஞ்சு வந்ததும் கீபோர்டுல உக்காந்துருவாரு. நான் எதை எழுதி நீட்டினாலும், கொஞ்சம் உணர்ச்சி போதல எல்ஸிம்பாரு.

அப்புறம் போன வருசம் இந்த மெஷின், கம்ப்யூட்டர்ல தானா பாட்டு எழுதுமே, அந்த ஏஐ. என் பாட்டு எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டாரு. என்னைக் கேட்டாரான்னா? கேக்க என்னமா இருக்கு, குடும்பச் சொத்து தானே. நம்ம படைப்ப நாலு பேருக்குக் குடுக்கணும், மெஷினும் கத்துக்கட்டும்னு பெரிய மனசோட சொன்னாரு. மனசு அவருது, பாட்டு என்னுது. அதுவும் ரொம்ப மரியாதையான மெஷின். அற்புதமான வரிகள்னு பாராட்டிட்டு, ஒரு வரி விடாம மாத்திக் குடுத்துச்சு. மொத கிறிஸ்மஸ் பாட்டுலயே பனி கொட்டுது! இங்க டிசம்பர்ல ஹுஜான், மழை தானே கொட்டும்? சர்ச் கூரை ஒழுகுது, கீழ வாளி வச்சிருக்கு, நடுவுல நின்னு நம்ம ஆளுங்க பனி பனின்னு பாடறாங்க. இவரு கண்ண மூடி ரசிக்கறாரு.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன்.

நீங்க வந்தது அந்தத் தாலாட்டுக்குத் தானே? மாதா, பாலன் ஏசுவுக்குப் பாடற மாதிரி வருமே, அது. சிலிம் ரிவர் ஊரு வரைக்கும் பாடறாங்களாம். ஃபாதர் பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு, மெஷினுக்குள்ளயும் கடவுள் கொஞ்சம் மனச வச்சிட்டாரு போலன்னு. இவரு வீட்டுக்கு வந்து எனக்கு கிளாஸே எடுத்தாரு. பாரு எல்ஸி, இதுதான் உணர்ச்சி, இதப் பாத்துக் கத்துக்கன்னு. சரிங்கன்னேன்.

'ஒரு தரம் அழுடா ராசா, ஊரே கேக்கட்டும்.' அந்த வரியா? எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க, மெஷினுக்கு எப்படித் தோணுச்சுன்னு.

அதுக்கு எங்கமா தோணும்? தாலாட்டு கேட்ட அன்னைக்கு அது குடுத்ததுல நிலா இருந்துச்சு, தேன் இருந்துச்சு, திரும்பவும் பனி. இவரு அதப் படிக்காமலே குளிக்கப் போனாரு. நான் அத அழிச்சிட்டு என்னுதத் தட்டி வச்சேன். அவ்ளோதான். செனாங் வேல, ரொம்ப ஈஸி.

எங்களுக்கு ஒரு பையன் பொறந்தான்மா. அழவே இல்ல. நர்ஸு தட்டினாங்க, தேச்சு விட்டாங்க... அழல. கேப்ரியல்னு பேரு பாத்து வச்சிருந்தோம். சின்னப் பெட்டிய மடியில வச்சிக்கிட்டு கல்லறைக்குப் போனவரு, திரும்பி வந்து அந்தப் பேர வாயில எடுக்கவே இல்ல. நான் எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிருவாரு.

அன்னைக்குக் குளிச்சிட்டு வந்து, நான் தட்டி வச்சதப் படிச்சாரு. ரொம்ப நேரம் படிச்சாரு. இந்த மெஷினுக்கு எப்படி எல்ஸி தெரியும்னு கேட்டுட்டு, கீபோர்டு மேலயே தலைய வச்சு அழுதாரு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன், அப்புறம் சோறு வைக்கப் போயிட்டேன். அன்னைக்குச் சோறு திங்கறப்ப அவராவே கேக்கறாரு, கேப்ரியல் இருந்தா இப்ப என்னை விட உயரமா இருப்பான்லன்னு.

மெஷின் எழுதுனதுன்னா அழலாம் போல, ஆம்பளைக்கு. நான் எழுதுனதுன்னு தெரிஞ்சா மறுபடி எந்திரிச்சு வெளிய போயிருவாரு. அதனால அவருகிட்ட ஒன்னும் சொல்லிராதீங்க.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குதா, அவருதான். கேமராவ ரெடி பண்ணுங்க. மெஷின் எப்படி எழுதுச்சுன்னு கேளுங்க. நல்லா சொல்லுவாரு.