கையில் குத்திய மருந்துப் பெயர்

மயிலாப்பூர் குளத்தருகே பஸ்ஸில் ஏறிய இரண்டு பூக்காரிகள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் மூத்தவளின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, மாமா பேரா பச்ச குத்திக்கினே?”

“மாமா பேரு இல்லடி. ஊசி மருந்து பேரு.”

எட்டிப் பார்த்தேன். ‘பென்சிலின் ஆகாது’ என்றிருந்தது.

“போன வருசம் கால்ல ஆணி ஏறி சீழ் வச்சிக்கிச்சில்ல? டிஸ்பென்சரில கம்பவுண்டரு, ஒத்துக்குதான்னு பாக்க என் கையில துளியூண்டு மருந்து போட்டுட்டு, அரை மணி பெஞ்சுல குந்துன்னாரு. பூ வாடுது, முழு ஊசியும் போட்டு அனுப்பு நைனான்னேன். முடியவே முடியாதுன்னுட்டாரு. கொஞ்ச நேரத்துல கை தடிச்சு, ஒடம்பெல்லாம் அரிப்பு. முழுசாப் போட்டிருந்தா அன்னிக்கே போய்ச் சேந்திருப்பேன்.”

“ஐயோ!”

“டாக்டரு வேற மருந்து குடுத்தாரு. எங்க போனாலும் இது ஆவாதுன்னு சொல்லும்மான்னாரு. நான் மயங்கிக் கெடந்தா யாரு சொல்லுவா? அவரையே சீட்டுல எழுதச் சொல்லி, பச்ச குத்துறவகிட்ட காட்டிட்டேன்.”

“மாமா கோச்சுக்கலியா?”

“கோச்சுக்கினாரு. உன் பேரை மறந்தா நான் சாவ மாட்டேன்யான்னேன்.”

அடையாறில் மூத்தவள் எழுந்தாள். கூடையிலிருந்து ஒரு பந்து மல்லியைத் தனியாக எடுத்துக்கொண்டாள்.

“கோயிலுக்காக்கா?”

“கம்பவுண்டரு பொஞ்சாதிக்கு. வெள்ளிக்கு வெள்ளி குடுக்கறேன். அந்தம்மா நூறு வருசம் பூ வச்சிக்கினு இருக்கணும்.”