அஞ்சே கால் கோப்பி

"ஹலோ... ஹலோ, ஜனா அண்ணாவோ? நான் மிதுனா... வெள்ளவத்தை மிதுனா, உங்கட பிளட்டில வாடகைக்கு இருக்கிற... ஓம் ஓம். இல்லையண்ணா, பைப் ஒண்டும் உடையேல்லை. கரண்டும் இருக்கு... ஓம், இஞ்ச இப்பதான் விடியப்போகுது. அங்க ராச்சாப்பாட்டு நேரமோ?... சாப்பிட்டாச்சோ? அப்ப சரி. நான் ஒண்டு கேப்பன், மறைக்காமச் சொல்லவேணும்."

மிதுனா குசினி வாசலில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. தோளில் மூன்று மாதப் பிள்ளை நித்திரை. இந்த வீட்டுக்கு வந்த ஒன்றரை மாதமாய்த் தொண்டைக்குள் கிடந்த கேள்வியை இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டும். கொட்டாஞ்சேனையில் வேறொரு வீடு பார்த்திருக்கிறார்கள். போகிறார்களா இல்லையா என்று கணவன் லவன் பத்து மணிக்கு அந்த வீட்டுக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். இந்த வீட்டை விட்டுப்போக அவளுக்கு மனமே இல்லை. யன்னலைத் திறந்தால் கடற்காற்று, பிள்ளை அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறது. ஆனால் தினமும் நெஞ்சிடியோடு எழும்பிப் பிள்ளை வளர்க்கவும் முடியாது.

"இந்த வீட்டில ஆரும் செத்தவையோ?"

சுற்றி வளைத்துக் கேட்கத்தான் நினைத்திருந்தாள். வாய் முந்திவிட்டது.

"...ஹலோ? இருக்கிறீங்களோ?... இல்லை, ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. மணக்குது அண்ணா. கோப்பி. விடிய அஞ்சே காலுக்கு, ஒவ்வொரு நாளும்... இல்லையில்லை, பக்கத்து வீடில்லை. பஹ்மியா அக்காட்டையும் கேட்டனான், அவையள் தேத்தண்ணி ஆக்கள். நாங்களும் தேத்தண்ணிதான். அடுப்பு மூட்டாமலே கிடக்கு, வீடு முழுக்கக் கோப்பி மணம்... இவருக்கோ? இவருக்கு மணக்கேல்லையாம். பிள்ளை பெத்த உடம்பு, நித்திரை இல்லை, அதுதான் எண்டுறார்."

லவனுக்கு மூக்கு இருப்பது மூக்குக்கண்ணாடியைத் தாங்கத்தான் என்பது மிதுனாவின் பழைய முறைப்பாடு. பால் பொங்கிக் கருகினாலும் கையிலிருக்கும் போனை இறக்கமாட்டான்.

"என்ன மாதிரி மணமோ? கோப்பி மாதிரித்தான்... பொறுங்கோ, சொல்லுறன். முந்தநாள் கடையில ஒரு பைக்கற் வாங்கி, உடைச்சு மணந்து பாத்தனான். அதில்லை இது. இதில மல்லி வறுத்த மணமும் வருது. கொஞ்சம் வேர்க்கொம்பும், சுக்கு மணம்... அண்ணா? ஹலோ?... ஐயோ, அழுறீங்களோ?"

அவள் மெல்ல வாசற்படியிலேயே இருந்துவிட்டாள்.

"...உங்கட அம்மான்ர கோப்பியோ? இஞ்சையோ? இந்தக் குசினியிலயோ?... ஓம்... போன வருஷம் தையில... ஓம்... அடுப்படியில... விடியக் கோப்பி போடேக்க விழுந்து செத்தவவோ? தனியவோ? ஐயோ... ஆர் கண்டது?... பஹ்மியா அக்காவோ! கருகின மணத்துக்கு வந்து கதவைத் தட்டினவவோ? என்னட்ட மூச்சுக்கூட விடேல்லையே அவ... ஓ. நீங்கள்தான் சொல்லவேண்டாம் எண்டு கேட்டனீங்களோ. விளங்குது. சொன்னா ஆக்கள் வரமாட்டினம்தானே."

பச்சைப்பிள்ளையோடு குடிவருகிறவர்களிடம் இதை மறைக்கலாமா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாய் துடித்தது. ஆனால் விக்கி விக்கி அழுகிற ஒருவனை எப்படித் திட்டுவது? அதுவும் அவன் தாயின் அடுப்படி வாசலில் இருந்துகொண்டு? மணம் இன்னும் போகவில்லை. யாரோ கேத்திலை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பதுபோல், அது ஒரே இடத்தில் நின்றது. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"செத்தவீட்டுக்கு நீங்கள் வரேல்லையோ?... ஓம், அகதிக் கேஸ் முடியேல்லை. வெளிக்கிட்டா திரும்பிப் போகேலாது... ஓமண்ணா, எத்தினை பேருக்கு இதே கதை. அப்ப எட்டுச்செலவு ஆர் செய்தது?... மச்சானோ. எல்லாம் ஒழுங்கா வைச்சவரோ? கேக்கிறன் எண்டு கோவிக்காதைங்கோ."

செத்தவர் ஆசையாய்ச் சாப்பிட்டதெல்லாம் சமைத்து, இலை போட்டுப் படைத்து, அழுது வழியனுப்பும் நாள்தான் எட்டுச்செலவு. சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டும், சாராயம் குடித்தவருக்குச் சாராயமும்கூட இலைக்கு வரும். ஆசைப்பட்ட ஒன்றை விட்டுவிட்டால் அந்த உயிர் வாசலைவிட்டுப் போகாது என்று நம்புகிற சனம்.

"லிஸ்ற் நீங்களோ குடுத்தது? வட்சப்பிலயோ?... சொல்லுங்கோ. நண்டுக் குழம்பு... ஓம்... பிட்டு... றால் பொரியல்... கறுத்தக்கொழும்பான் மாம்பழம்... பயித்தம் பணியாரம்... ஓம் ஓம், குறை சொல்ல ஏலாது. கோப்பி?... கோப்பி வைச்சவையோ?... ... ஏன் அண்ணா வைக்கேல்லை?"

மிதுனா அந்தப் பட்டியலை விரல்விட்டுத் திரும்ப எண்ணிப் பார்த்தாள்.

"அண்ணா, அம்மா நண்டு சாப்பிடுறவவோ?... உடம்பெல்லாம் தடிக்கிறதோ? அப்ப ஏன் நண்டு எழுதினனீங்கள்?... றால்?... அதுவும் இல்லையோ... மாம்பழம்?..."

மிதுனா மேலே கேட்கவில்லை. அந்த இலையில் இருந்தது முழுக்க ஜனாவின் சாப்பாடு. தாய் எதையெல்லாம் ஆசையாய்ச் சமைத்தாவோ, அதுவே அவவின் ஆசை என்று பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறான். அவனைக் குறை சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. தன் அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று ஒருதரம் யோசித்துப் பார்த்தாள். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதுவரை இருந்த பயத்தைவிட அது கூடுதலாகச் சுட்டது.

"பொறுங்கோ. நான் இப்பவே போடுறன்... ஓம், கோப்பி. இப்பதான். பைக்கற் இருக்கு, மல்லி இருக்கு. வேர்க்கொம்போ? பிள்ளைப்பெத்தவள் வீட்டில அதுக்கென்ன குறை!"

பிள்ளையை அறையில் கிடத்திவிட்டு வந்தாள். இந்த நேரத்தில் குசினிக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. லைற்றைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் விட்டு, சீனிப் பேணியில் சாத்திவைத்தாள்.

"சொல்லுங்கோ... மல்லி கறுக்க வறுபடவேணும்... ஓம், கருகாமல்... வேர்க்கொம்பு ஒரு துண்டு, இடிச்சிட்டன்... தூள் மூண்டு தேக்கரண்டி... செம்பிலயோ? சரி, கொதிதண்ணி ஊத்திட்டன்... ஓம், உடன மூடிட்டன்... மேலால ஒரு கரண்டி பச்சைத்தண்ணி தெளிக்கவோ? ஏன்?... ஆ, மண்டி அடங்க. இவ்வளவும் எப்பிடித் தெரியும் உங்களுக்கு?... பள்ளிக்கூடம் போக முதல், இதிலயே வாங்கு போட்டு இருந்து பாத்துக்கொண்டிருப்பீங்களோ..."

கதைத்துக்கொண்டே இருந்தாள். கதை நின்றால் அறைக்கு ஓடிவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இப்ப மணக்குதோ எண்டு கேக்காதைங்கோ அண்ணா. நானும் போட்டிட்டன். எது என்ர, எது அவவின்ர மணம் எண்டு பிடிபடேல்லை... சரி, கோப்பையில வடிச்சிட்டன். அம்மாக்குப் பாலோ, வெறுங்கோப்பியோ?... உங்களுக்குப் பால், சரி. உங்களுக்கு ரெண்டு கரண்டி சீனி, சரி. அம்மாக்கு?... ... யோசிச்சுப் பாருங்கோ. பனங்கட்டி கடிச்சுக் குடிச்சவவோ?... ஒருக்காலும் காணேல்லையோ, அவ குடிக்கிறதை?... எத்தினை வருஷம் அவவோட இருந்தனீங்கள்?... இருபத்திமூண்டு..."

குத்திக்காட்டக் கேட்கவில்லை அவள். ஆனாலும் கேள்வி போய்க் குத்தித்தான் விட்டது. போனுக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. மிதுனா ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றினாள். சீனிப் பேணியைத் திறந்துவைத்தாள். ஒரு பனங்கட்டித் துண்டும் எடுத்தாள். எல்லாவற்றையும் கோப்பையைச் சுற்றி வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

"அன்ரி, எனக்கும் தெரியாது, உங்கட மகனுக்கும் தெரியாது. எல்லாம் வைச்சிருக்கிறன். நீங்களே உங்கட பாட்டில கலந்து குடியுங்கோ."

சொல்லி முடித்ததும்தான் கவனித்தாள், குரல் நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்த மனிசரிடம் கதைப்பதுபோல் சாதாரணமாகத்தான் வந்தது.

"...ஓமண்ணா, கேட்டீங்களோ... ஓம். ஓம். நாளைக்கும் வைக்கிறன்... இல்லை, நாங்கள் கொட்டாஞ்சேனைக்குப் போகேல்லை. இவரிட்ட நான் சொல்லுறன்... என்ன?... அவவோடயோ?... நான் என்னெண்டு அண்ணா... சரி. சரி, அழாதைங்கோ. போனைக் கோப்பைக்குக் கிட்ட வைக்கிறன். நான் வெளியில நிக்கிறன். நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ."

போனை நகர்த்திவைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரு குரல் தொடங்கியது. கரையோர ரயில் ஒன்று கீழே இரைந்துகொண்டு போனதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவளும் காது கொடுக்கவில்லை. ரயில் போன பிறகும் அந்தக் குரல் கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. இடையில் ஒருதரம் சிரித்ததுபோலவும் இருந்தது. பிறகு நின்றது. லைன் வெட்டுப்பட்ட சத்தம் கேட்டது.

மிதுனா உடனே கதவைத் திறக்கவில்லை. சூட்டோடு கோப்பி குடிக்கிறவருக்கும் கொஞ்ச நேரம் வேண்டும்தானே.