என் பாவா டீசல் டேங்கைத் தொடவில்லை

என் பெயர் பரணிதரன், வயது 31, தகப்பனார் பெயர் பெருமாள், இருப்பு திருவாலங்காடு மேட்டுத் தெரு. சொந்த நிலத்தில் கரும்பு வைத்திருக்கிறேன், சொந்த லாரியும் ஓட்டுகிறேன். என் அக்கா சுஜாதாவின் கணவர் முனிரத்தினத்தை நான் பாவா என்று கூப்பிடுவேன். அவர் என் லாரி டீசலில் வெல்லம் போட்டுக் கெடுத்துவிட்டார் என்று இன்று மதியம் நான் கொடுத்த புகார் தவறானது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும்படி கேட்க நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். உதவி ஆய்வாளர் அம்மா முதலிலிருந்து சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

இன்று காலை திருத்தணி மலையில் அக்காவின் மகள் அம்முவுக்கு மொட்டை அடித்துக் காது குத்தினோம். நான் தாய்மாமன் என்பதால் குழந்தையை என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். கம்மல் நான் எடுத்துக் கொடுத்தது. குழந்தை அழுதபோது பாவா ஒரு துண்டு வெல்லத்தை உடைத்து அதன் வாயில் வைத்தார். அவர் ஊரில் வெல்லம் காய்ச்சுகிறவர், பொங்கல் வைக்க ஒரு பை வெல்லம் கொண்டுவந்திருந்தார். இந்த வருடக் கரும்பைத் தனக்குக் கொடுக்கச் சொல்லி அங்கேயே கேட்டார். சர்க்கரை ஆலைக்குப் பதிந்தாகிவிட்டது, இன்றைக்கே வெட்டி ஏற்றுகிறார்கள் என்றேன். அதற்கு அவர், "உன் வண்டி எப்டிப் போவுதுன்னு நானும் பாக்குறேன் மச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மாமன் மச்சான் கேலி எங்கள் வீட்டில் புதிதல்ல.

அதன் பிறகு மலையிலிருந்து இறங்கி, எல்லோரையும் என் லாரியில் ஏற்றிக்கொண்டு, சமையல் செய்திருந்த மாந்தோப்புக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். பிரசாதம் இருந்த மஞ்சள் பை என்னிடம் இருந்தது. லாரி சீட்டில் கால் வைத்து ஏறுகிறோம், படுக்கிறோம், அதில் சாமி பிரசாதத்தை வைக்கக்கூடாது என்பதால், என்ஜினை அணைக்க இழுத்த ஸ்டாப்பர் குமிழிலேயே பையை மாட்டி, விழாமல் இருக்கப் பையின் காதை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு இறங்கினேன்.

பந்தி நடக்கும்போதே, கரும்பு வெட்டும் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று நான் கிளம்பினேன். சாவி போட்டதும் செல்ஃப் நன்றாகச் சுற்றியது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. சைலன்சரில் புகையே வரவில்லை. டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன், டீசல் இருந்தது. அதன் பிறகு மெக்கானிக் ராஜீவை வரவழைத்தேன். அவர் கைப் பம்ப் அடித்துக் காற்றை எடுத்தார், பில்டரைக் கழற்றிப் பார்த்தார், என்ஜினுக்குள் டீசல் பீச்சும் நாசிலுக்குப் போகும் பைப்புகளைத் தளர்த்திவிட்டு என்னைச் சுற்றச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை, எல்லாவற்றையும் திரும்ப முடுக்கிவிட்டார். பம்ப் வரைக்கும் டீசல் வருது, அதுக்கு அப்பால போவல என்றார். அப்போது அவர் என்னிடம், "ஸ்டாப்பர் உள்ள கீதாண்ணா?" என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆங், உள்ளதான் கீது. எனக்கே வண்டி ஓட்ட சொல்லித்தர்றியா" என்றேன். இதைச் சொல்லத்தான் இப்போது வாய் கூசுகிறது.

பம்ப் கெட்டிருக்கலாம் என்று ராஜீவ் சொன்னதும் எனக்கு வெல்லப் பை ஞாபகம் வந்தது. டேங்க் மூடிக்குப் பூட்டு கிடையாது. மலையில் அவர் சொன்ன சொல்லும் கேலியாகத் தோன்றவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அக்கா என்னைப் பற்றிச் சொல்வது வழக்கம். நான் நேராகக் கடைசிப் பந்திக்குப் போய், இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பாவாவை இடது காதோடு சேர்த்து அறைந்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. "சாப்ட்டுகினு இருக்கிறவன அடிக்கிற, பரணி. நான் டேங்க் பக்கமே போவல" என்றார். நான் நிலையத்துக்குப் போன் செய்தேன். காவலர்கள் வந்து கூப்பிட்டபோது அவர் எச்சில் கையோடு எழுந்து போனார். காலையில் காது குத்திக்கொண்ட குழந்தை, அப்பா பின்னால் போகவேண்டும் என்று அழுதது.

அதன் பிறகு என் அக்கா, சாமி பிரசாதம் உன் வண்டியில் இருக்க வேண்டாம், எடுத்து வா என்றார். நான் ஏறிப் பையை அவிழ்த்தேன். பையின் காது சுற்றியிருந்ததால் குமிழ் உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றிருந்தது. அது வெளியில் இருக்கும்வரை டீசல் போகாது, என்ஜின் பிடிக்காது. தள்ளினேன், போய்விட்டது. சாவியைத் திருப்பினேன், கொஞ்சம் சுற்றிப் பிடித்துக்கொண்டது. என் தவறு வெளியே தெரியாமலிருக்க, பையை அங்கேயே மறுபடி கட்டிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சத்தம் கேட்டு ராஜீவ் ஓடிவந்தபோது, காற்று போய்விட்டது, அதனால் பிடித்தது என்று பொய் சொன்னேன். பையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, பாவாவை நிலையத்தில் விட்டுவிட்டு, கரும்பு ஏற்றப் போய்விட்டேன்.

பாதி லோடு ஏறியபோது, வெட்டும் ஆட்களில் கோவிந்தம்மாள் என்பவர் என்னிடம் வந்து, "மலைக்குப் போய்ட்டு வந்தியே, துண்ணூறு குடுப்பா" என்று நெற்றியை நீட்டினார். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அவர் நெற்றியை நீட்டியபடியே நின்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. லாரியை வயலிலேயே விட்டுவிட்டு பஸ் பிடித்து இங்கே வந்தேன்.

பாவா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுவச் சொல்லியும் கழுவவில்லை என்று காவலர் சொன்னார், வலது கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அவருடைய இடது பக்கம் நின்று இரண்டு முறை பாவா என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். வலது பக்கம் போய்க் கூப்பிட்டபோது உடனே நிமிர்ந்து பார்த்தார். நான் அறைந்த அந்த இடது காதை அரசு மருத்துவமனையில் காட்ட அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். அடித்தது நான், அதற்குரிய நடவடிக்கைக்கு உட்படுகிறேன்.

என் அக்கா குழந்தையோடு நிலைய வாசலில் இருந்தார். அவரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நான் கொடுத்த கம்மல்களை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார். "காதுல ஓட்ட தூந்துடக்கூடாதுன்னு வேப்பங்குச்சி போட்டுகிறேன். இத நீயே வச்சிக்க" என்றார். குழந்தையின் இரண்டு காதிலும் வேப்பங்குச்சி இருந்தது. அது என்னைப் பார்த்ததும், எப்போதும்போல மாமா என்று கையை நீட்டியது.

வேறு சொல்ல எதுவும் உண்டா என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். இல்லை என்றேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
பெ. பரணிதரன்