ஒன்பது ஆண்டுக்கு முந்தைய விலை போன வாரம் மாறியது குறித்து எடைமேடைக்காரரின் வாக்குமூலம்

என் பெயரும் தந்தை பெயரும் ஏற்கெனவே நான் கொடுத்த புகார் மனுவில் கண்டபடி. வயது 54. தொழில், சரக்கு லாரிகளை எடைமேடையில் ஏற்றி எடை பார்த்துச் சீட்டு கொடுப்பது. முகவரி, ரயில் பாலத்துக்குப் பின்புறம் மருந்துக் கிடங்கின் மேல்மாடி, படிக்கட்டு வெளிப்பக்கம். அக்கம்பக்கத்தில் எடைக்காரர் என்று கேட்டால் சொல்வார்கள். இன்று காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் முன்பு ஆஜராகி, வெளியார் யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் மனைவியின் வற்புறுத்தலின் பேரில் பின்வருமாறு சொல்கிறேன்.

பத்து நாட்களுக்கு முன்பு என் மனைவியின் தம்பி மீது மோசடிப் புகார் கொடுத்தேன். அவர் பெயின்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. அவருக்குக் கடல் கடந்த ஊரில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்குக் காவல் துறையின் நன்னடத்தைச் சான்று நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். என் புகார் நிலுவையில் இருப்பதால் சான்றில் கையெழுத்தாகவில்லை. அது இந்த மேசையின் மறுமுனையில், கண்ணாடிக் குண்டு ஒன்றின் அடியில் இருக்கிறது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு என் மனைவி வேலை பார்த்த தையல் ஆலை மூடப்பட்டபோது கிடைத்த தொகையைத் தன் தம்பியிடம் கொடுத்தார். அவர் அதை இ.டி.எஃப். என்பதில் போட்டார். பல கம்பெனிகளின் பங்குகளை ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடையைச் சிறு சிறு யூனிட்டுகளாக்கிச் சந்தையில் பங்கைப் போலவே விற்பார்களாம். யூனிட் ஒன்று 412 வீதம் 300 யூனிட் வாங்கியதாக ரசீது கொடுத்தார். அந்த ரசீதை நான் பார்த்துச் சரி என்று சொன்னேன்.

அதன் பிறகு போன மாதம் மைத்துனர் வீட்டுக்கு வந்து, தான் ஊரில் இருக்கப்போவதில்லை என்பதால் இனி இதை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், விற்பதற்கு முன் பழைய விலைகளைப் பார்த்தால் ஏற்ற இறக்கம் பிடிபடும் என்றும் சொல்லி, விலைப் பட்டியல் கிடைக்கும் இணையதளத்தை எழுதிக் கொடுத்தார். அன்று அவருடைய பயணப் பெட்டியை என் எடைமேடையில் எடை பார்த்தோம். லாரிக்கான மேடை என்பதால் பெட்டியை மட்டும் வைத்தால் அது அசையவில்லை. அதனால் பெட்டியோடு அவரையும், ஓட்டுநர்கள் இருவரையும் ஏற்றி நிறுத்தி, பிறகு ஆட்களைக் கழித்தோம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் லாரி வராத நேரத்தில் அலுவலகக் கணினியில் அந்தப் பட்டியலை இறக்கி, அச்சிட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் தொடக்க விலை, அதிக விலை, குறைந்த விலை, முடிவு விலை, சரிசெய்த முடிவு விலை என்று வரிசையாக இருந்தன. எங்கள் தொழிலில் சரக்கோடு எடை, வெறும் வண்டி எடை, சரக்கின் எடை என்று வரிசையாக வந்து கடைசியில் இருப்பதே செல்லுபடியாகும் எடை. ஆகவே கடைசி விலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். யூனிட் வாங்கிய நாளுக்கு நேரே 36.85 என்று இருந்தது. தேதியை மறுபடியும் பார்த்தேன். தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்றும் பார்த்தேன். 36.85தான்.

412க்கு வாங்கியதாக ரசீது, அன்றைய விலையோ 36.85. ஆகவே அந்தத் தொகைக்கு மூவாயிரத்துக்கு மேல் யூனிட் வாங்கிவிட்டு 300 மட்டும் கணக்குக் காட்டியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அதை உறுதி செய்ய என் மனைவியின் யூனிட் கணக்கைத் திறந்தேன். அதில் 3000 யூனிட் இருந்தது.

இதை மனைவியிடம் சொன்னேன். அதற்கு அவர், "ஏங்க, திருடியிருந்தா குறைஞ்சிருக்கணும். இங்க கூடியில்ல இருக்கு?" என்றார். என் சந்தேகம் உறுதியானதே அதனால்தான். அகப்பட்டுவிடுவோம் என்று பயந்து, ஒளித்து வைத்த 2700 யூனிட்டையும் சத்தமில்லாமல் திருப்பி வைத்திருக்கிறார் என்று விளக்கினேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, "உங்களுக்கு லாரிய தவிர எது மேல போனாலும் பொறுக்காது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மறுநாள் அச்சிட்ட தாளை இணைத்துப் புகார் கொடுத்தேன். அதன் பிறகு போன வாரம் மனைவியின் வங்கிக் கணக்கில் அந்த இ.டி.எஃப். பெயரில் ஒரு சிறு தொகை வரவு வந்தது. என் வாயை அடைக்க அனுப்பியது என்று கருதி அதையும் துணை மனுவாக எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை மூவரையும் அழைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டிலை முதலில் தம்பிக்குக் கொடுத்தார். அதன் பிறகு மூடியைத் திருகிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

உள்ளே உதவி ஆய்வாளர் விசாரித்தபோது மைத்துனர், இடையில் ஒரு வருடம் அந்த இ.டி.எஃப். நடத்துபவர்கள் ஒரு யூனிட்டைப் பத்தாகப் பிரித்தார்கள் என்றும், அதனால் 300 என்பது 3000 ஆனது, விலை பத்தில் ஒன்றானது என்றும் சொன்னார்.

"மாமா, ஒரு லாரி சரக்க பத்து வேன்ல மாத்தி ஏத்துறாங்கன்னு வைங்க. ஒவ்வொரு வேனும் லேசாத்தான் இருக்கும். சரக்கு எங்க போச்சு?" என்றார்.

"பிரிச்ச பிறகு வேன் எடை போடு, சரி. பிரிக்கிறதுக்கு முன்னாடி வந்த லாரி சீட்ட எதுக்குத் திருத்துன?" என்று கேட்டேன்.

"நான் திருத்தல மாமா. அவங்க திருத்துவாங்க. பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாக்க வசதியா."

எங்கள் இடத்தில் அதற்கு வேலை போகும் என்று சொன்னேன். 412ஐப் பத்தாக வகுத்தால் 41.20 வர வேண்டும், 36.85 எப்படி வந்தது, மீதியை யார் எடுத்தார்கள் என்றும் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நிலைய எழுத்தர் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தார். நான்காவது முறை எழுதியது என்னவென்றால், இ.டி.எஃப். அவ்வப்போது யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும், கொடுத்த அன்று விலை அந்த அளவுக்கு இறங்கும், அந்த இறக்கம் நட்டம்போலத் தெரியக் கூடாது என்பதற்காக அதற்கு முந்தைய விலைகள் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் இறக்கி எழுதுவார்கள், பட்டியலின் கடைசி வரிசை அதுதான் என்பதாகும். போன வாரம் வந்த தொகையும் அப்படிக் கொடுத்ததே, அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார்.

உதவி ஆய்வாளர் நேரில் பார்த்துவிடலாம் என்று நிலையத்துக் கணினியில் அதே பட்டியலைத் திறக்கச் சொன்னார். அதே நாள், அதே வரிசை. திரையில் 36.41 என்று இருந்தது. என் தாளில் 36.85.

உதவி ஆய்வாளர் என் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் பிறகு உதவி ஆய்வாளர் என்னைப் பார்த்து, "பெரியவரே, பேனா உங்களோடதா, வேற யாரோடதா?" என்றார். அது அச்சு, பேனா அல்ல என்று சொன்னேன். அப்படியானால் கணினியில் திருத்தி அச்சிட்டிருக்கிறீர்கள் என்றார்.

மைத்துனர் எழுந்து நின்று, "சார், மாமா ஒண்ணும் பண்ணல. போன வாரம் பணம் குடுத்தாங்கல்ல, அதுக்காகப் பழைய விலை மறுபடி இறங்கியிருக்கு" என்றார்.

"ஒம்பது வருஷம் முந்தின விலை, போன வாரம் இறங்குச்சா?"

"ஆமா சார்."

"இன்னும் இறங்குமா?"

"அடுத்த தடவ பணம் குடுத்தா இறங்கும் சார்."

"அப்ப அன்னிக்கு என்ன விலைங்கிறது இன்னும் முடிவாகல" என்றார் உதவி ஆய்வாளர். முடிவான விலை 412, அது ரசீதில் இருக்கிறது என்று மைத்துனர் சொன்னார். அப்படியானால் பட்டியல் எதற்கு என்று எழுத்தர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். தாள் உண்மையானது என்று நான் நின்றால், இரண்டு எண்களில் எது சரி என்று நிபுணர் கருத்துக் கேட்டு எழுத வேண்டும், அது வர மாதங்கள் ஆகும், அதுவரை புகார் நிலுவையில் இருக்கும், சான்றும் இருக்கும் இடத்திலேயே இருக்கும். தாளை நான் திருத்தினேன் என்று சொன்னால் புகார் பொய் என்று இன்றே முடித்து மைத்துனருக்குச் சான்றைக் கொடுத்துவிடலாம், ஆனால் என் மீது வழக்கு வரும். புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னேன். எண் பொருந்தாத தாள் கோப்பில் ஏறிவிட்ட பிறகு அதற்கு வழியில்லை என்றார்.

எண்ணைத் திருத்தியதாக வழக்கு உள்ளவருக்கு எடைமேடையில் உட்கார உரிமம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். மழையில் நனைந்த தார்ப்பாயின் எடையைக் கழிக்கச் சொல்லி ஓட்டுநர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். நான் ஒரு சீட்டையும் திருத்தியதில்லை. இதைச் சொன்னபோது எழுத்தர், இது வழக்குக்குத் தேவையில்லை என்றார். தேவையில்லை என்றாலும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மைத்துனர், "மாமா, வேணாம். வேல வேற கிடைக்கும்" என்றார்.

"நீ சும்மா இரு மாப்ள. நீ வெளக்கி வெளக்கித்தான் இங்க வந்து நிக்கிறோம்" என்றேன். மனைவி கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கமாக மேசையில் வைத்தார்.

எனவே நான் சொல்வது இதுதான். தாளில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் வேறு வேறு. எண் மாறியிருப்பது உண்மை. மாற்றியவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மைத்துனர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பத்து நாட்களுக்கு முன்பும் இருந்ததில்லை என்று பழைய தேதியையும் சேர்த்துச் சரிசெய்துகொள்ளவும். இதைச் சொல்லி முடிக்கும்போது சான்றில் கையெழுத்தாகிவிட்டது. மை காய்வதற்காக என் மனைவி அதை ஊதிக்கொண்டிருக்கிறார்.

மேலே உள்ளதை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இன்றைய தேதிக்கு இவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
எடைமேடைக்காரர்

என் முன்பாக எழுதப்பட்டது: உதவி ஆய்வாளர்