ரூமுக்குள் ஒரு ரயில் ஸ்டேஷன்

“ஆபீஸுக்குப் போற பொண்ணு பிளாஸ்டிக் கட்டையை அடுக்கி விளையாடினா எந்த மாப்பிள்ளை ஒத்துக்குவான்?” என்று பெரியம்மா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்துப் பெண்களில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆனாலும் அன்றைக்குக் கட்டைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

சென்ற சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் ஆங் மோ கியோ போகும் பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மனைவியின் மடியில் பொம்மைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கட்டைப் பெட்டி.

“நாளைக்கு அம்மா ஈப்போவிலேர்ந்து வர்றாங்க. ரூமுல உன் ரயில் ஸ்டேஷனைக் கலைச்சாத்தான் அவங்க படுக்க முடியும்,” என்றார் கணவர்.

“ஹாலுல படுக்கட்டும்.”

“பொம்மை ஸ்டேஷன் ரூமுல, எங்கம்மா ஹாலுலயா?”

“ஸ்டேஷனைத் தூக்கினா உடைஞ்சிடும்ங்க. அத்தை நடந்தே ஹாலுக்குப் போயிடுவாங்க.”

கணவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “நான் கட்டினதுன்னு சொல்லிடவா? திட்டிட்டு விட்டுடுவாங்க,” என்றார்.

“ஒரு மாசமா உக்காந்து நான் கட்டினது. என் பேரையே சொல்லுங்க.”

“சரி லா. ஆனா கூரையை நான்தான் போடுவேன்.”

“நீங்க வச்ச கதவே இன்னும் திறக்கல. பாதிக் கூரை போடுங்க.”

என் பைக்குள்ளும் அதேபோல ஒரு பெட்டி இருந்தது. அண்ணன் மகனுக்கு வாங்கியதாகச் சொல்ல நினைத்திருந்தேன். வீட்டில் பெரியம்மா கேட்டபோது, எனக்கு என்றேன்.

இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் பாதியை ஒரு தீயணைப்பு நிலையம் எடுத்துக்கொண்டுவிட்டது. மீதிப் பாதியில் பெரியம்மா சாப்பிடுகிறார்.