அவருக்கு நான்தான் மூக்கு

பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். பிறவியிலேயே மூக்கு அப்படி. என் வீட்டுக்காரருக்கு நேர்மாறு. பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய வாசனையையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. அழுகின முட்டையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்.

வேறு தொழிலாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், ஐயா. இவர் வீட்டுப் பின்பக்கம், இரண்டு படி கீழே இறங்கும் அறையில் டார்ச் என்கிற வாயு அடுப்பின் தீயில் கண்ணாடியை உருக்கி மணி செய்கிறவர். நல்ல கை. அவர் செய்த மணியை யாராவது கழுத்தில் போட்டுக்கொண்டு போனால் எனக்குப் பெருமையாக இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புரொப்பேன் சிலிண்டர் வீட்டுக்கு வெளியே நிமிர்ந்து நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் வாயு எரிந்து தீர்ந்து தீ தானாக அணைந்த பிறகுதான் டார்ச்சின் திருகை மூட வேண்டும். சிலிண்டர் விற்ற கடைக்காரர் இதை இரண்டு தடவை சொன்னார். இவரோ, குளிரில் தீ சோர்ந்து போகிறதென்று சிலிண்டரை உள்ளே இழுத்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் டார்ச்சின் திருகை மட்டும் மூடிவிட்டு மேலே வந்துவிடுவார். தேய்ந்த திருகு, கசியும். அந்த வாயு காற்றைவிடக் கனம். பள்ளமான அறையில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும்.

"வெளியில வைங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

"தீ அணைஞ்சாச்சு இல்ல? அப்புறம் என்ன? அதான் நீ இருக்கியே."

இருந்தேன். சாயங்காலம் நான் இறங்கிப்போய்ச் சிலிண்டரை மூடுவேன். காலையில் கதவைத் திறந்து மோந்து பார்த்துச் சொல்வேன். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட வெளியில் தங்கியதில்லை. மகள் பிரசவத்துக்கு, "பத்து நாள் வந்து இரும்மா" என்று அழுதாள். "நீ போயிட்டா இங்க யாரு பாக்குறது?" என்றார். நான் போகவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது, போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். மகள் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு யார் மேலும் கோபமில்லை. கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

புதன்கிழமை சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே, "இன்னும் பத்து வருஷம் இப்படியே ஓட்டிடலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. சிலிண்டரை மூட அன்றைக்கு நான் கீழே போகவில்லை.

காலையில் அறைக் கதவைத் திறந்தேன். வாசனை குப்பென்று ஏறியது. எப்போதாவது இப்படி வாசனை வந்தால் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் அவரை இறங்க விடமாட்டேன். அன்றைக்குக் கதவை மறுபடி சாத்திவிட்டு, மகள் வீட்டுக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். சத்தம் கேட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சும்மா இருந்தது ஒரு குற்றமா என்று நேற்று வரை உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் கிளம்பும்போது அவர் வேலைக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கையில் டம்ளரோடு, "வாசனை ஏதும் வருதா?" என்று தினமும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. குடிச்சிட்டுப் போய் பத்த வைங்க" என்றேன்.

சிலிண்டரை வெளியே வைக்கச் சொல்லி ஆயிரம் தடவை மன்றாடியிருப்பேன், ஐயா, காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இதை ஒரே தடவைதான் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.